தயான்சந்தா, தன்ராஜா, ஹர்மன்பிரீத்தா? ஹாக்கியில் யார் பெரிய ஆள் என்பதை எப்படி அளப்பது?

மத்திகிரியில் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும் நேரம். டீக்கடை பெஞ்சில் ஒரு செல்போனைச் சுற்றி நான்கு தலைகள். ஹர்மன்பிரீத் சிங் பெனால்டி கார்னரில் பந்தை இழுத்துச் சுண்டும் அரை நிமிட வீடியோ ஓடுகிறது. "அண்ணா, இந்த மாதிரி ஒரு ஆளு இதுக்கு முன்னாடி நம்ம டீம்ல இருந்தாரா, சொல்லுங்க" என்கிறார் இருபதுகளில் இருக்கும் டிரெய்னி. "தன்ராஜ் பிள்ளை பந்தோட ஓடுனதை நீ பார்க்கலை தம்பி, அதான் இப்படிப் பேசுற" என்கிறார் ஐம்பதைத் தொட்ட ஆபரேட்டர். பக்கத்தில் இருக்கும் பெரியவர் ஒரே பெயரில் இருவரையும் அடக்கப் பார்க்கிறார்: "தயான்சந்த்."

இந்த வாக்குவாதம் ஓசூர்ப் பக்கம் மட்டும் நடப்பதில்லை. ஆனால் இங்கே இது நடப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. இங்கிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் இருக்கும் பெங்களூரில்தான், இந்திய விளையாட்டு ஆணையத்தின் வளாகத்தில், தேசிய ஹாக்கி அணியின் பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் 300-க்கும் மேற்பட்ட குடும்பங்கள், குடும்பத்துக்கு ஓர் அணியாக இறங்கி ஹாக்கித் திருவிழாவே நடத்துகின்றன. தெற்கே கோவில்பட்டி, கிரிக்கெட் மட்டையைவிட ஹாக்கி மட்டையை அதிகம் மதிக்கும் ஊர். 2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது.

சரி, பெஞ்சில் எழுந்த கேள்விக்கு வருவோம். வெவ்வேறு காலத்து நட்சத்திரங்களை ஒப்பிட முடியுமா? முடியும். ஆனால் நாம் வழக்கமாகச் செய்யும் விதத்தில் முடியாது.

லேத் மெஷின் சொல்லும் பாடம்

சிப்காட்டில் வேலை செய்யும் யாருக்கும் இது புரியும். பழைய கையியக்க லேத்தில் ஒருவர் ஒரு ஷிப்டுக்கு 60 பீஸ் கடைந்தார் என்று வைத்துக்கொள்வோம். இன்று சி.என்.சி. மெஷினில் ஒருவர் 400 பீஸ் எடுக்கிறார். இவர் அவரைவிட ஏழு மடங்கு திறமைசாலியா? எந்த சூப்பர்வைசரும் அப்படிச் சொல்ல மாட்டார். மெஷின் வேறு, டூல் வேறு, சைக்கிள் டைம் வேறு. அதே லேத்தில், அதே ஷிப்டில், பக்கத்தில் நின்றவர்கள் எத்தனை பீஸ் எடுத்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும். மற்றவர்கள் 40 எடுத்தபோது இவர் 60 எடுத்தார் என்றால், அந்த இடைவெளிதான் அவருடைய திறமை.

ஹாக்கிக்கும் இதே கணக்குதான். எத்தனை கோல் அடித்தார் என்பது பீஸ் கவுன்ட். தன் காலத்து மற்றவர்களிடமிருந்து எவ்வளவு தூரம் முன்னால் இருந்தார் என்பதுதான் ஆதிக்கம். முதலாவதை வைத்து இரண்டாவதைத் தீர்மானிக்கும்போதுதான் வாக்குவாதம் முடிவில்லாமல் போகிறது.

மெஷின் எப்படியெல்லாம் மாறியது?

ஹாக்கி என்ற பெயர் ஒன்றுதான். ஆட்டம் குறைந்தது நான்கு முறை வேறு ஆட்டமாக மாறியிருக்கிறது.

தரை: 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகச் செயற்கைத் தரை வந்தது. 1928 முதல் 1972 வரை கலந்துகொண்ட பத்து ஒலிம்பிக்கிலும் பதக்கம் வென்ற இந்தியா, அந்த முறை ஏழாவது இடத்துக்குப் போனது. புல்தரையில் பந்து துள்ளும், நிற்கும், திசை மாறும். அதை மட்டையோடு ஒட்டவைத்துக்கொண்டு போவதுதான் நம்மவர்களின் வித்தை. செயற்கைத் தரையில் பந்து சீராக, வேகமாக ஓடும். அங்கே வித்தையைவிட ஓட்டமும் உடல்தகுதியும் அதிகம் பேசும்.

மட்டை: மர மட்டை போய், கார்பன் இழையும் கண்ணாடி இழையும் கலந்த மட்டை வந்தது. இன்றைய டிராக் ஃபிளிக் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் பறக்கிறது.

விதி: ஆஃப்சைடு விதி 1990-களின் பிற்பகுதியில் நீக்கப்பட்டது. முன்கள வீரர்கள் நிற்கும் இடமே மாறிப்போனது.

நேரம்: இரண்டு பாதியாக 70 நிமிடம் நடந்த ஆட்டம், கடந்த பத்தாண்டுகளில் நான்கு கால் பகுதிகளாக 60 நிமிடம் என்றானது. 1990-களிலிருந்து வீரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். தயான்சந்த் காலத்தில் இறங்கிய பதினொரு பேர்தான் கடைசி வரை ஓட வேண்டும்.

இத்தனை மாற்றத்துக்குப் பிறகும் 1928-ன் கோலையும் 2024-ன் கோலையும் ஒரே வரிசையில் வைத்துக் கூட்டுவது, லேத் பீஸையும் சி.என்.சி. பீஸையும் ஒரே பெட்டியில் போட்டு எண்ணுவது மாதிரிதான்.

ஒரே அளவுகோலில் நான்கு ஒலிம்பிக்

அப்படியென்றால் எதை எண்ணுவது? எளிய வழி ஒன்று உண்டு. ஒரு தொடரில் அணி அடித்த மொத்தக் கோல்களில் அந்த ஒருவரின் பங்கு எவ்வளவு என்று பார்ப்பது. தரையும் விதியும் அணியில் எல்லோருக்கும் ஒன்றுதானே!

1928 ஆம்ஸ்டர்டாம்: இந்தியா 5 ஆட்டங்களில் 29 கோல். தயான்சந்த் 14. பங்கு சுமார் 48 சதவீதம். இந்தியா ஒரு கோல்கூட வாங்கவில்லை.

1932 லாஸ் ஏஞ்சலஸ்: 2 ஆட்டங்களில் 35 கோல். தயான்சந்த் 12. பங்கு சுமார் 34 சதவீதம்.

1952 ஹெல்சிங்கி: 3 ஆட்டங்களில் 13 கோல். பல்பீர் சிங் சீனியர் 9. பங்கு சுமார் 69 சதவீதம்.

2024 பாரிஸ்: 8 ஆட்டங்களில் 15 கோல். ஹர்மன்பிரீத் சிங் 10. பங்கு சுமார் 67 சதவீதம்.

டீக்கடைப் பெஞ்சில் யாருமே சொல்லாத பெயர் முதலிடத்துக்கு வந்துவிட்டது பாருங்கள். ஹெல்சிங்கி இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை இந்தியா 6-1 என வென்றது. ஆறில் ஐந்து பல்பீர் அடித்தவை. ஆண்கள் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் ஒரே வீரர் அடித்த அதிகபட்சக் கோல்கள் என்ற அந்தச் சாதனை எழுபது ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கிறது. தரை, மட்டை, விதி எல்லாம் மாறியும் யாரும் தொடவில்லை.

ஆனால் இந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை: எதிரே நின்றது யார்?

1932-ல் ஹாக்கிக்கு வந்தவை மூன்றே அணிகள். இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. பொருளாதார மந்த காலத்தில் அவ்வளவு தூரம் கப்பலில் போக ஐரோப்பிய அணிகள் முன்வரவில்லை. இந்தியா ஜப்பானை 11-1 என்றும் அமெரிக்காவை 24-1 என்றும் வென்றது. அந்த 24 கோல்களை வைத்து யாருடைய ஆதிக்கத்தையும் அளக்க முடியாது.

1928-ல் ஒன்பது அணிகள் இருந்தன. ஆனால் நவீன ஹாக்கியை உருவாக்கிய பிரிட்டன் வரவில்லை. அந்த பிரிட்டனை ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலாகச் சந்தித்ததே 1948 லண்டன் இறுதி ஆட்டத்தில்தான். சுதந்திரம் அடைந்து ஓராண்டு நிறையும் தறுவாயில், அவர்கள் மண்ணிலேயே, 4-0. அதில் இரண்டு கோல் பல்பீருடையவை.

1980 மாஸ்கோ தங்கமும் இந்தச் சோதனைக்கு உட்பட்டதுதான். சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் கிடைத்த அந்தத் தங்கத்தை நாம் கொண்டாடுவது நியாயம். ஆனால் பல நாடுகள் புறக்கணித்த அந்தத் தொடரில் ஆறே அணிகள். இந்தியா அடித்த 43 கோல்களில் 31 கோல்கள் தான்சானியாவுக்கும் கியூபாவுக்கும் எதிராக வந்தவை. உண்மையான போட்டி ஸ்பெயினோடு நடந்த இறுதி ஆட்டம்தான். அதை 4-3 என இழுத்துப்பிடித்து வென்றார்கள். மதிப்பெண் போட வேண்டியது அந்த ஆட்டத்துக்கு.

இப்போது பாரிஸைப் பாருங்கள். இந்தியா ஆடிய எட்டு ஆட்டங்களில் அயர்லாந்துக்கு எதிரானது ஒன்றில் மட்டும்தான் இரண்டு கோல் வித்தியாசம். மற்ற ஏழும் ஒரு கோல் வித்தியாசத்தில் முடிந்தவை அல்லது டிரா. ஆஸ்திரேலியாவை ஒலிம்பிக்கில் 52 ஆண்டுகளுக்குப் பிறகு வென்றதும் இங்கேதான். அங்கே அடித்த ஒவ்வொரு கோலும் ஆட்டத்தின் முடிவையே தொட்ட கோல். இந்த ஓட்டையை அடைத்துப் பார்த்தால் ஹர்மன்பிரீத்தின் எடை ஏறுகிறது. டிரெய்னி தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது ஓட்டை: அவருக்கு என்ன வேலை?

ஆனால் அந்தத் தம்பி கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. ஹர்மன்பிரீத் தடுப்பாட்டக்காரர். பாரிஸில் அவர் அடித்த பத்தும் பெனால்டி கார்னரிலும் பெனால்டி ஸ்ட்ரோக்கிலும் வந்தவை. பந்தை நடுக்களத்திலிருந்து எடுத்துச் சென்று அடித்த கோல் ஒன்றும் இல்லை. இது குறையா? இல்லை. உலகிலேயே அதிக சர்வதேசக் கோல்கள் அடித்தவராகச் சொல்லப்படும் பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸும் தடுப்பாட்டக்காரர்தான். அவருடைய 348 கோல்களில் பெரும்பகுதி பெனால்டி கார்னர்களில் வந்தவை. இன்றைய ஆட்டத்தில் கார்னர் என்பது தனி வேலை. அதற்கென்று ஒரு ஸ்பெஷலிஸ்ட்.

அப்படியென்றால் 67 சதவீதம் என்ற எண் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, ஹர்மன்பிரீத் எவ்வளவு நம்பகமானவர் என்பது. இன்னொன்று, மற்ற எல்லோரும் சேர்ந்து எட்டு ஆட்டங்களில் ஐந்தே கோல் அடித்தார்கள் என்பது. ஒரு லைனில் ஒரே மெஷின் மூன்றில் இரண்டு பங்கு பீஸ் தள்ளுகிறது என்றால், அந்த மெஷினைப் பாராட்டலாம். கூடவே மற்ற மெஷின்களுக்கு என்ன ஆச்சு என்றும் கேட்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 1932. தயான்சந்தின் பங்கு 34 சதவீதம்தானே என்று இறக்கிப் பேச முடியாது. அணியில் 13 கோல் அடித்த இன்னொருவர் இருந்தார். அவருடைய தம்பி ரூப் சிங்! பக்கத்தில் இன்னொரு மேதை இருந்தால் உங்கள் பங்கு குறையத்தான் செய்யும்.

கோலே அடிக்காதவர்கள் கதை என்ன? நான்கு ஒலிம்பிக்கில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்ற லெஸ்லி கிளாடியஸ் நடுக்களத்தைக் காத்தவர். நான்கு ஒலிம்பிக்கில் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றவர் பி.ஆர்.ஸ்ரீஜேஷ். பாரிஸ் காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகு, ஆட்டத்தின் பெரும்பகுதியைப் பத்து பேரோடு தள்ளி, ஷூட்அவுட்டில் பிரிட்டனை இந்தியா வென்றதே, அதில் ஸ்ரீஜேஷின் பங்கை எந்தச் சதவீதத்தில் எழுதுவது? கோல் கணக்கை மட்டும் பார்த்தால் இவர்கள் இருவரும் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள்.

மூன்றாவது ஓட்டை: வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது?

தயான்சந்திடம் உலகக் கோப்பை இல்லை. காரணம் எளிது. உலகக் கோப்பையே 1971-ல்தான் தொடங்கியது. இந்தியா அதை ஒரே ஒருமுறை, 1975-ல் கோலாலம்பூரில் வென்றது. பாகிஸ்தானுக்கு எதிரான அந்த இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் அசோக் குமார், தயான்சந்தின் மகன். 1940, 1944 ஒலிம்பிக்குகளைப் போர் விழுங்கியது. தயான்சந்துக்கு அப்போது முப்பதுகளின் நடுப்பகுதி. இன்னொரு ஒலிம்பிக் ஆடியிருப்பாரா, யார் சொல்ல முடியும்?

பெண்களின் நிலை இன்னும் மோசம். ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி சேர்க்கப்பட்டதே 1980-ல்தான். அதில் நான்காவது இடம் பிடித்த இந்தியப் பெண்கள், அடுத்து ஒலிம்பிக்குக்குப் போனது 2016-ல். நடுவில் 36 ஆண்டுகள். 2002-ல் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற அணிக்கு ஒலிம்பிக் வாசல் திறக்கவே இல்லை. டோக்கியோவில் வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தபோது, ஒலிம்பிக்கில் அதைச் செய்த முதல் இந்தியப் பெண் என்று கொண்டாடினோம். அவருக்கு முன்னால் அதைச் செய்யக்கூடியவர்கள் இல்லாமல் இருந்தார்களா, அல்லது அவர்களுக்கு மைதானம்தான் கிடைக்கவில்லையா?

அப்போ தன்ராஜ் எங்கே?

இதுவரை வந்த பட்டியல்கள் எதிலும் தன்ராஜ் பிள்ளை இல்லை. ஐம்பது வயது அண்ணனுக்குக் கோபம் வருவது இயல்பு.

புனே அருகே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் தன்ராஜ். அப்பா ஆயுதத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரிக்கும் ஊழியர். தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் பையன் என்றால் மத்திகிரிக்கும் சிப்காட்டுக்கும் உடனே புரியும். 1989 முதல் 2004 வரை ஆடிய அவர் நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராபி, நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டி எல்லாவற்றிலும் ஆடியவர்.

ஆனால் பதக்கக் கணக்கைப் பார்த்தால்? அவர் ஆடிய நான்கு ஒலிம்பிக்கில் இந்தியாவின் இடம் 7, 8, 7, 7. பதக்கத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால், அவர் இடம் பெறும் பட்டியலே கிடையாது.

லேத் கணக்குக்கு மாறினால் நிலைமை வேறு. 1994 சிட்னி உலகக் கோப்பையில் இந்தியா ஐந்தாவது இடம். ஆனால் அந்தத் தொடர் முடிந்து தேர்ந்தெடுக்கப்பட்ட உலக அணியில் இருந்த ஒரே இந்தியர் தன்ராஜ். அதாவது, அவருடைய சமகாலத்தவர்களோடு வைத்துப் பார்த்தபோது உலகின் முதல் பதினொரு பேரில் ஒருவர். 1998-ல் பாங்காக்கில் அவர் தலைமையில், 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றது. அதற்குப் பரிசாக அவரும் மூத்த வீரர்கள் சிலரும் ஓய்வு என்ற பெயரில் அணியிலிருந்து கழற்றிவிடப்பட்டார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்துக்கு எதிராகக் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் வாங்கிய ஒரு கோல், அரையிறுதி வாய்ப்பைப் பறித்தது. தனி ஒருவரின் ஆதிக்கத்துக்கும் அணியின் பதக்கத்துக்கும் நடுவில் இத்தனை விஷயங்கள் நிற்கின்றன. நிர்வாகம், பயிற்சி, தரை, அதிர்ஷ்டம். பதக்கம் அவை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைக்கும் மதிப்பெண். அதைத் தனிநபரின் பெயரில் மட்டும் எழுதுவது அநியாயம்.

சரி, தன்ராஜ் மொத்தம் எத்தனை கோல் அடித்தார்? இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

கணக்கே இல்லாத கணக்கு

தன்ராஜ் அடித்த சர்வதேசக் கோல்களுக்கு அதிகாரபூர்வக் கணக்கு கிடையாது. அப்போது ஆட்டத்தை நடத்திய இந்திய ஹாக்கி கூட்டமைப்பு அந்தப் புள்ளிவிவரத்தை முறையாக வைக்கவில்லை. சுமார் 170 இருக்கலாம் என்பது மதிப்பீடுதான். இது 1930-களின் கதை இல்லை. வீட்டுக்கு வீடு டிவி வந்த பிறகு, கிரிக்கெட்டில் சச்சின் எந்தப் பந்தில் எத்தனை ரன் எடுத்தார் என்பது வரை எழுதிவைத்த அதே 1990-களின் கதை.

தயான்சந்துக்கும் இதே நிலைதான். அவருடைய மொத்தக் கோல்களை ஒருவர் 400 என்பார், ஒருவர் 570 என்பார், இன்னொருவர் எல்லா ஆட்டங்களையும் சேர்த்து 1,000-ஐத் தாண்டும் என்பார். கணக்கு இல்லாத இடத்தில் கதைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. மட்டையில் காந்தம் இருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தார்கள் என்ற கதையை நாம் தாத்தா காலத்திலிருந்து கேட்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதை நமக்குத் தெரிந்த அளவு, 1928-ல் 29-க்கு 14 என்ற எண் நமக்குத் தெரியாது.

பல்பீர் சிங்குக்கு நடந்தது இன்னும் வலிக்கும். 1985-ல் அவர் தன்னுடைய 36 பதக்கங்கள், ஒலிம்பிக் கோட்டு, நூறுக்கும் மேற்பட்ட அரிய புகைப்படங்கள் அனைத்தையும், வரப்போகும் விளையாட்டு அருங்காட்சியகத்துக்காக இந்திய விளையாட்டு ஆணையத்திடம் ஒப்படைத்தார். 2012 லண்டன் ஒலிம்பிக் சமயத்தில் கண்காட்சிக்காகத் தேடியபோது அவை எங்கே என்று சொல்ல ஆளில்லை. 2020 மே மாதம் பல்பீர் காலமானார். அவர் கொடுத்த பொருட்கள் திரும்பக் கிடைக்கவில்லை.

மூன்று தங்கம் வென்றவரின் கோட்டையே தொலைத்துவிட்ட நாட்டில், யார் பெரியவர் என்று டீக்கடையில் சண்டை போடுகிறோம். ஒப்பிடும் ஆசை நமக்கு நிறைய இருக்கிறது. ஒப்பிடத் தேவையான சான்றுகளைப் பாதுகாக்கும் பழக்கம்தான் இல்லை.

இதனால் என்ன நஷ்டம்?

'போனது போகட்டும், இப்போ என்ன?' என்று கேட்கலாம். நஷ்டம் பழைய ஆட்களுக்கு மட்டும் இல்லை.

விருது, அரசு வேலை, பதவி உயர்வு, பென்ஷன் எல்லாம் சான்றிதழையும் எண்ணையும் வைத்துத்தான் முடிவாகின்றன. கோல் அடிப்பவர் பெயர் பேப்பரில் வரும். கோலுக்கு முந்தைய பாஸ் கொடுத்தவர், எதிரணியின் தாக்குதலை நடுக்களத்திலேயே அறுத்தவர் பெயர் எங்கும் வராது. மாவட்ட அளவில் ஆடும் ஒரு பெண் பத்து ஆட்டங்களில் அருமையாகத் தடுத்தாள் என்பதற்கு, பயிற்சியாளரின் ஞாபகத்தைத் தவிர வேறு சான்று இல்லை. தேர்வாளர் மாறினால் அந்த ஞாபகமும் போய்விடும். கையில் எண் இல்லாத வீரருக்காக வாதாட யாராலும் முடியாது.

அரியலூரிலிருந்து கிளம்பி, கோவில்பட்டி விடுதியில் பயிற்சி பெற்று, 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான தன் முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தவர் கார்த்தி செல்வம். அந்த ஆட்டம் 1-1 என முடிந்தது. அந்த கோல் இன்று யார் தேடினாலும் கிடைக்கும். சர்வதேச ஆட்டங்களில் இப்போது ஒவ்வொரு தொடுதலும் பதிவாகிறது. ஆனால் அந்த நிலைக்கு வருவதற்கு முன்னால் ஒரு வீரர் ஆடிய நூற்றுக்கணக்கான ஆட்டங்கள்? அவை இன்னமும் தயான்சந்த் காலத்தில்தான் இருக்கின்றன.

இதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் லாக் ஷீட் எழுதுகிறோம். எந்த மெஷின், எந்த ஆபரேட்டர், எத்தனை பீஸ், எத்தனை ரிஜெக்‌ஷன், மெஷின் எவ்வளவு நேரம் நின்றது என எல்லாம் அதில் இருக்கும். பத்து வருடம் கழித்து ஒரு பார்ட்டில் பிரச்சினை வந்தாலும் எந்த ஷிப்டில் செய்தது என்று பின்னோக்கிப் போகலாம். ஒவ்வொரு மாவட்ட ஹாக்கி ஆட்டத்துக்கும் அதே மாதிரி ஒரு பக்கம் போதும். எந்தத் தரை, எதிரணி யார், யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள், கோல் எப்படி வந்தது, யார் பாஸ் கொடுத்தார், எத்தனை முறை பந்தைப் பறித்தார். இளைஞர்கள் கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. சங்கங்கள் அதை வாங்கிப் பொதுவில் வைத்தால் போதும்.

சரி, கடைசியில் யார்தான் பெரியவர்?

மழுப்பாமல் சொல்வதென்றால், இருக்கிற சான்றுகளை வைத்து இப்படிப் பிரிக்கலாம்.

ஒரே தொடரில், ஒரே நாளில் காட்டிய ஆதிக்கம் என்றால் பல்பீர் சிங். இறுதி ஆட்டத்தில் ஐந்து கோல் என்பதற்கு இன்னும் போட்டியே வரவில்லை.

நீண்ட காலம் தன் தலைமுறையைவிட முன்னால் நின்றவர் என்றால் தயான்சந்த். மூன்று ஒலிம்பிக், மூன்று தங்கம். 1932 சுற்றுப்பயணத்தில் அணி அடித்ததாகப் பதிவான 338 கோல்களில் 133 அவருடையவை. சுமார் 39 சதவீதம். எதிரணிகளின் பலத்தைக் கழித்துப் பார்த்தாலும், தன் சொந்த அணிக்காரர்களிடமிருந்தே அவ்வளவு தூரம் விலகி நின்றவர்.

எதிரணிகள் எல்லாம் சம பலத்தில் நிற்கும் காலத்தில், ஆட்டத்தின் முடிவையே தன் மட்டையில் வைத்திருப்பவர் என்றால் ஹர்மன்பிரீத்.

அணி தோற்றுக்கொண்டிருந்த காலத்திலும் உலகம் திரும்பிப் பார்த்தவர் என்றால் தன்ராஜ். இந்த நான்காவது ஆதிக்கம்தான் மிகக் கடினமானது. அதை நிரூபிக்கும் எண்தான் நம்மிடம் மிகக் குறைவு.

ஆக, பெஞ்சில் இருந்த மூவரும் ஒருவகையில் சரி. மூவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அடுத்த முறை இந்த வாக்குவாதம் வரும்போது, பெயரைச் சொல்வதற்கு முன் "எதிரே யார், எந்தத் தரை, என்ன வேலை, யார் கணக்கு வெச்சது?" என்று நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள். முதல் மூன்றுக்கும் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். நான்காவதில்தான் பேச்சு நிற்கும். இனி வரப்போகும் ஒரு கோவில்பட்டிப் பையனுக்கோ ஓசூர்ப் பெண்ணுக்கோ அந்த இடத்தில் பேச்சு நிற்காமல் இருக்க வேண்டுமென்றால், அவர்கள் ஆடும் அடுத்த மாவட்ட ஆட்டத்திலிருந்தே எழுதத் தொடங்க வேண்டும்.